உள்ளங்கை தேய்த்த ஸ்டிக்குகள்: நாலு நிண்டெண்டோ 64 கொன்ட்ரோலர்களைத் திருத்திய பதிவு

மேசையில் கறுப்புத் துணி விரித்து, நிண்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ விளையாட்டு இயந்திரத்தின் முதல் கொன்ட்ரோலரில், பெருவிரலால் தள்ளும் ஸ்டிக் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் மா கொட்டியது. அரிசிமா போல வெள்ளையாக, இரண்டு சிட்டிகை இருக்கும். விரலால் தொட்டால் வழுவழுப்பு. தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். தூசி சாம்பல் நிறமாக, நூலும் மயிருமாக இருக்கும். இது சுத்த வெள்ளை. ஸ்டிக்கின் அடி நுனியும், அது நின்று சுழலும் பிளாஸ்டிக் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்து அரைத்து உதிர்த்த மா.

போன மார்கழி விடுமுறைக்கு அண்ணா குடும்பம் மொன்றியலில் இருந்து வருவதாக இருந்தது. பிள்ளைகள் நிண்டெண்டோவின் பிந்திய இயந்திரமான சுவிட்சில் மாரியோ பார்ட்டி என்ற விளையாட்டை விளையாடி வளர்ந்தவர்கள். "மாமி, முதலாவது மாரியோ பார்ட்டி உங்களிட்ட இருக்காம், அப்பா சொன்னவர். வேலை செய்யுதா?" என்று மருமகள் தொலைபேசியில் கேட்டாள். இருந்தது. ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்டில், அம்மா பழைய சேலைகள் வைத்திருக்கும் பெட்டிக்குக் கீழே. 1999இல் அண்ணா பகுதிநேர வேலைக் காசில் வாங்கிய இயந்திரம், கார்ட்ரிட்ஜ், இரண்டு கொன்ட்ரோலர்கள். மற்ற இரண்டு கொன்ட்ரோலர்களை அந்தக் காலத்தில் சித்தி வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள், போகும்போது கொண்டுபோவார்கள். இப்போது நாலு வேண்டும் என்பதால் பாவித்தவை இரண்டு வாங்கினேன்.

இயந்திரத்தைப் போட்டதும் படம் வந்தது. கார்ட்ரிட்ஜில் எங்கள் பழைய சேமிப்பும் அப்படியே இருந்தது. மின்சாரம் இல்லாமலே நினைவை வைத்திருக்கும் மின்னணுச் சில்லில் இந்த விளையாட்டு சேமிக்கிறது, செத்துப்போவதற்கு அதில் பற்றரி கிடையாது. அண்ணா சேர்த்த நாணயக் கணக்கைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கொன்ட்ரோலரைத் தொட்டதும் நிலைமை விளங்கியது. ஸ்டிக் நாலு பக்கமும் தொளதொளவென்று சாய்ந்தது. இடப்பக்கம் முழுக்கத் தள்ளியும் திரையில் யோஷி என்ற பாத்திரம் ஓடவில்லை, நடந்தது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் 1998 டிசம்பரிலும் வட அமெரிக்காவில் 1999 பெப்ரவரியிலும் வந்தது. செய்தவர்கள் ஹட்சன் சொஃப்ட், வெளியிட்டவர்கள் நிண்டெண்டோ. திரைக்குள் ஒரு பலகை இருக்கும், தாயம் போலவோ லூடோ போலவோ. நாலு பேர் முறை வைத்துப் பகடைக் கட்டையை அடிப்பார்கள், 1 முதல் 10 வரை ஏதாவது விழும், அத்தனை கட்டம் நகர வேண்டும். நீலக் கட்டத்தில் நின்றால் 3 நாணயம் வரும், சிவப்பில் நின்றால் 3 போகும், கடைசி 5 சுற்றுகளில் அது இரட்டிப்பாகும். 20 நாணயம் கொடுத்தால் ஒரு நட்சத்திரம். நாலு பேரும் நகர்ந்து முடிந்ததும் ஒரு மினி கேம், அதாவது ஒரு குட்டி விளையாட்டு. யார் எந்த நிறக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாலு பேரும் தனித்தனியாகவோ, இரண்டுக்கு இரண்டாகவோ, ஒருவரை மூவர் எதிர்த்தோ விளையாட வேண்டும். நிண்டெண்டோ 64இல் நாலு கொன்ட்ரோலருக்கும் முகப்பிலேயே இடம் இருந்ததுதான் இதற்கு அடித்தளம். வேறு சாமான் எதுவும் வாங்காமல் நாலு பேர் ஒரே கம்பளத்தில் இருந்து விளையாடலாம்.

அந்த மினி கேம்களில் சிலவற்றுக்கு ஸ்டிக்கைச் சுற்றவேண்டும். கயிறு இழுக்கும் போட்டி, துடுப்பு வலிக்கும் போட்டி, சைக்கிள் மிதித்து மின்குமிழை எரியவைக்கும் விளையாட்டு. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு பலம். உள்ளங்கையால் சுற்றச் சொல்லி எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பெருவிரலை விட அதுதான் வேகம் என்று நாங்களே கண்டுபிடித்தோம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதையேதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டிக்கின் தலையில் வளையம் வளையமாகப் புடைப்பு இருக்கும், பெருவிரல் வழுக்காமல் இருக்க. உள்ளங்கையின் நடுவில் அதை வைத்து அரைத்தால் என்ன ஆகும்? கயிறு இழுத்து முடிந்ததும் அண்ணாவின் கையில் ஐந்து சத நாணயம் அளவுக்கு வட்டமாகத் தோல் சிவந்திருக்கும். அம்மா நல்லெண்ணெய் பூசி, "நாளைக்கு இதைத் தொடக் கூடாது" என்பார். அடுத்த நாள் பின்னேரம் மறுபடியும் கயிறு.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததில்லை. பிள்ளைகளின் கையில் கொப்புளமும் காயமும் வருவதாக முறைப்பாடுகள் போய், 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துடன் நிண்டெண்டோ ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இந்த விளையாட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பஞ்சு வைத்த கையுறைகள், ஒரு வீட்டுக்கு நாலு வரை, கொடுப்பதாக. எல்லாரும் கேட்டிருந்தால் 80 மில்லியன் டொலர் வரை ஆகியிருக்கும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அடுத்த பாகத்தில் ஸ்டிக்கைச் சுற்றும் வேலையை எடுத்துவிட்டார்கள். 2021இல் வந்த மாரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸில் கயிறு இழுத்தல் திரும்பி வந்தபோது, உள்ளங்கையால் சுற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. தோலுக்கும் கூடாது, ஸ்டிக்குக்கும் கூடாது.

தோல் ஒரு கிழமையில் ஆறிவிடும். பிளாஸ்டிக் ஆறாது. என் மேசையில் கொட்டிய மா அதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். கொன்ட்ரோலரைத் திறக்கச் சாதாரண பிளஸ் தலை ஸ்குரூ டிரைவர் போதும். இயந்திரத்துக்கும் கார்ட்ரிட்ஜுக்கும்தான் விசேட தலை வேண்டும். பின்பக்கத்து ஆணிகளை எல்லாம் கழற்றிவிட்டு ஓடு பிரியவில்லை என்று நெம்பாதீர்கள். மெமரி அட்டை செருகும் துளைக்குள் சின்ன ஆணிகள் இரண்டு இருக்கின்றன. பாவித்ததாக வாங்கிய ஒரு கொன்ட்ரோலரின் ஓடு அந்த இடத்தில் வெடித்திருந்தது. முன்பு திறந்தவர் அந்த இரண்டையும் காணாமல் இழுத்திருக்க வேண்டும். முகத்தைக் கீழே வைத்துப் பின் ஓட்டைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் பட்டன்கள் எல்லாம் சிதறும். நடுக் கைப்பிடியில் உள்ள இசட் பட்டனின் குட்டிப் பலகையை மெல்ல விலக்கி, ஸ்டிக் பெட்டியைப் பிடித்திருக்கும் மூன்று ஆணிகளைக் கழற்றினால் பெட்டி தனியாக வரும். இணைப்பியைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, இணைப்பியின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அதில் பாதியைப் பிறகு பார்க்கவேண்டி வந்தது.

பெட்டிக்குள் இருக்கும் பொறி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்போதைய கொன்ட்ரோலர்கள் பெரும்பாலும் மின்தடையை அளந்து ஸ்டிக்கின் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. இது ஒளியை எண்ணுகிறது. ஸ்டிக் இரண்டு பிளாஸ்டிக் வில்களின் நீளத் துளைகளுக்குள்ளால் போகிறது. ஒரு வில் இடம் வலம், மற்றது மேல் கீழ். வில் அசைந்தால் பற்சக்கரம் வழியாக, ஓரம் முழுக்க நுண்ணிய பிளவுகள் வெட்டிய ஒரு சின்னத் தட்டு சுழலும். தட்டின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் ஒளி உணரிகள் இரண்டு, சற்றே தள்ளித் தள்ளி. பிளவுகள் கடக்கக் கடக்க ஒளி விட்டுவிட்டுத் தெரியும், அதை எண்ணினால் எவ்வளவு தூரம் என்று வரும். எந்த உணரி முதலில் இருட்டாகிறது என்பதில் எந்தப் பக்கம் என்று வரும்.

அதனால் இதற்கு நடு எது என்று தானாகத் தெரியாது. மின்சாரம் போடும்போது ஸ்டிக் எங்கே நிற்கிறதோ அதுதான் நடு என்று எடுத்துக்கொள்ளும். பிடித்துச் சாய்த்துக்கொண்டு போட்டால் எல்லாம் கோணலாகிவிடும். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் புதிதாக நடு எடுத்துக்கொள்ளும். சின்ன வயதில் அண்ணா இதைச் செய்யும்போது ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவது போதாது என்று, கணினியில் செருகும் மாற்றி ஒன்று வாங்கி ஸ்டிக் தரும் எண்களை எழுதிக்கொண்டேன். நல்ல நிலையில் உள்ள ஸ்டிக் நேர்த் திசைகளில் 80ஐ ஒட்டித் தரும். அண்ணாவின் சாம்பல் நிறக் கொன்ட்ரோலர் தந்தது: வலம் 58, இடம் 61, மேல் 63, கீழ் 49. விளையாட்டு எதிர்பார்க்கும் தூரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் வருகிறது. யோஷி நடந்ததன் காரணம் அதுதான்.

முதல் முயற்சி, சுத்தம் செய்வது மட்டும். மாவைத் தட்டிக் கொட்டி, கிண்ணம், வில்கள், ஸ்டிக் எல்லாவற்றையும் ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பூட்டினேன். கைக்கு இதமாக இருந்தது, கரகரப்பு போய்விட்டது. எண்கள் ஒன்றிரண்டுதான் கூடின. தேய்ந்துபோனதைத் துடைத்து வளர்க்க முடியாது.

இரண்டாவது முயற்சி, புதுக் கிண்ணம். பழைய கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அடியில் பள்ளம் விழுந்திருந்தது, அம்மியில் ஒரே இடத்தில் அரைத்து விழும் குழி போல. கிண்ணம் மட்டும் தனியாக விற்கிறார்கள். வாங்கிப் போட்டதும் வலம் 67 ஆனது, கீழ் 60. எனக்கு நல்ல சந்தோஷம். ஆனால் ஸ்டிக்கின் தலையைப் பிடித்து ஆட்டினால் இன்னமும் ஒரு தளர்வு இருந்தது. இங்கேதான் பலர் நிறுத்திவிட்டு, கிண்ணம் மாற்றியும் சரிவரவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மிச்சத் தேய்மானம் வில்களில் இருக்கிறது. பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஸ்டிக் போகும் நீளத் துளையின் ஓரங்கள் நடுப்பகுதியில் வயிறு வைத்திருந்தன. புதுத் துளை நேர்கோடாக, ஸ்டிக்கின் கழுத்தை இறுக்கமாகப் பிடிக்கும். இந்தத் துளைக்குள் ஸ்டிக்குக்குப் பக்கத்தில் ஒரு விசிற்றிங் கார்ட்டை மடித்துச் செருக முடிந்தது. ஸ்டிக் சாய்ந்து, அந்த இடைவெளியைக் கடந்து, வில்லின் ஓரத்தைத் தொட்ட பிறகுதான் வில் அசையத் தொடங்கும். அதுவரை கை அசைவது எல்லாம் வீண். நாலு திசையிலும் அப்படி வீணாகிறது. ஸ்டிக்கின் கழுத்தையும் பார்த்தேன், அங்கேயும் தேய்ந்து பளபளத்தது. ஆக மூன்று இடம்: கிண்ணத்தின் அடி, வில்களின் துளை, ஸ்டிக்கின் கழுத்தும் நுனியும். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

எனவே உதிரிப்பாகத்துக்கென்றே வேலை செய்யாத கொன்ட்ரோலர்கள் இரண்டு வாங்கினேன். ஒன்றின் வயர் அறுந்திருந்தது, மற்றதில் பட்டன்கள் செத்திருந்தன. ஸ்டிக்குகள் பரவாயில்லை. இப்போது கையில் ஆறு பெட்டிகள். எல்லாவற்றையும் கழற்றி, முட்டை அட்டைப்பெட்டியின் குழிகளில் போட்டு, வில்களை மட்டும் தனியாக எடுத்து விசிற்றிங் கார்ட் சோதனையால் வரிசைப்படுத்தினேன். கார்ட் நுழையாதவை நாலு, சற்று நுழைபவை மூன்று, மற்றவை கழிவு. மூன்று கொன்ட்ரோலர்களுக்குப் பழைய நல்ல வில்கள் கிடைத்தன. அத்துடன் புதுக் கிண்ணம், தேயாத ஸ்டிக்.

நாலாவதற்குக் குறுக்குவழி ஒன்று பார்த்தேன். முழுப் பெட்டியாகவே விற்கும் மலிவான மாற்று ஸ்டிக். உள்ளே ஒளி கிடையாது, மின்தடை வகை. பூட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எண்கள் 110க்கு மேல் போயின, அதுவும் பாதித் தூரம் தள்ளுவதற்குள். கோட்டின் மேலேயே வெட்டி உருவத்தைப் பிரிக்கும் கிரேஸி கட்டர் என்ற மினி கேமில் அதை வைத்து விளையாடிப் பார்த்தேன். தொட்டால் பாய்ந்தது. மெல்ல வளைய வேண்டிய இடத்தில் வளைய முடியவில்லை. உருளும் பந்தின் மேல் நின்று மற்றவரைத் தள்ளும் விளையாட்டில் நானே என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டேன். கழற்றிவிட்டு, பழைய ஒளிப் பொறிக்கே பொருந்தும்படி புதிதாக வார்த்த வில், கிண்ணம், ஸ்டிக் தொகுதி ஒன்றை வரவழைத்துப் போட்டேன். முதல் சில நாட்கள் கையில் இறுக்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இடையில் ஒரு தவறும் நடந்தது, இதைச் செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும். உராய்வு குறையட்டும் என்று பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத சிலிக்கோன் கிறீஸ் பூசினேன். கொஞ்சம் தாராளமாக. பூட்டி எண் பார்த்தால் அருமை, வலம் 79. ஒரு மணித்தியாலம் விளையாடிய பிறகு கையை எடுத்தும் யோஷி தானாக இடப்பக்கம் நடந்தது. எல், ஆர், ஸ்டார்ட் அமுக்கினால் நிற்கும், சில நிமிடங்களில் மறுபடியும் நடக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்து பார்த்தேன். பற்சக்கரத்தில் இருந்த கிறீஸ் வழிந்து பிளவுத் தட்டில் ஏறியிருந்தது. சில பிளவுகள் அடைபட்டிருந்தன. ஒளி போகாத பிளவு எண்ணிக்கையில் வராது. போகும்போது பத்து எண்ணி, திரும்பும்போது ஒன்பது எண்ணினால், ஒவ்வொரு அசைவுக்கும் நடு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தட்டைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டேன். கிறீஸை இரண்டாம் முறை தீக்குச்சி நுனியால் வைத்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரு பொட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு பொட்டு. தட்டுப் பக்கம் போகவேயில்லை.

கடைசியாக எழுதிய எண்கள், அண்ணாவின் கொன்ட்ரோலருக்கு: வலம் 78, இடம் 79, மேல் 80, கீழ் 77. ஸ்டிக்கை முழுக்கச் சாய்த்து விட்டால் டக்கென்று நடுவில் வந்து நின்றது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் பின்னேரம் எல்லாரும் பேஸ்மென்டில் இறங்கினோம். புதுத் தொலைக்காட்சியில் படம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வந்ததால், அதன் அமைப்பில் விளையாட்டு நிலைக்கு மாற்றினேன். 20 சுற்று வைத்தோம், ஒரு மணித்தியாலம் ஓடும். முதலே சட்டம் சொல்லிவிட்டேன்: சுற்றும் விளையாட்டு வந்தால் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஸ்டிக்கின் தலையைக் கிள்ளிப் பிடித்துச் சுற்ற வேண்டும், உள்ளங்கை படக் கூடாது. வேகம் சற்றுக் குறையும், எல்லாருக்கும் ஒரே அளவில் குறைவதால் போட்டி கெடாது.

எட்டாவது சுற்றில் கயிறு இழுத்தல் வந்தது. அண்ணா தனியாக, நாங்கள் மூவர் எதிரே. "தொடங்கு" என்று திரை சொன்னதும் அண்ணாவின் உள்ளங்கை தானாகக் கொன்ட்ரோலர் மேல் போய்க் குப்புற விழுந்தது. நாற்பத்தைந்து வயது மனிதனின் கை, பதினெட்டு வயதில் படித்ததை மறக்கவில்லை. "அப்பா! கை!" என்று மகள் கத்தினாள். அண்ணா திடுக்கிட்டு விரல்களுக்கு மாறுவதற்குள் தோற்றுவிட்டார். அம்மா படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்பவும் இப்பிடித்தான்" என்றார். முடிவில் மருமகள் 4 நட்சத்திரத்துடன் வென்றாள். உடனே அடுத்த பலகை கேட்டார்கள். நாலு நாட்களில் ஏழு பலகை விளையாடினோம்.

அவர்கள் போன மறுநாள் அதே கறுப்புத் துணியை விரித்து நாலையும் திறந்தேன். மூன்றில் கிறீஸ் மட்டும்தான், துணியில் ஒன்றும் விழவில்லை. சாம்பல் நிறக் கொன்ட்ரோலரின் கிண்ணத்து அடியில் மயிர் போல மெல்லிய ஒரு வெள்ளை வளையம். படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "கடைசி இரவு ஒருக்காத்தான் பிள்ளை. நீ நித்திரை."